குட்ஸ்டஃப்: பிற நிரல்களுக்கு இடம் கொடுத்த பொத்தான் பலகை

எஃப்விடபிள்யூஎம் என்னும் சாளர மேலாளருக்குத் துணையாக 1993-இல் ராபர்ட் நேஷன் எழுதிய குட்ஸ்டஃப் என்ற சிறு நிரல், திரையின் ஓரத்தில் சில பொத்தான்களை அடுக்கிக் காட்டுவதும், அவற்றில் ஒன்று அழுத்தப்படும்போது அதற்கென்று எழுதிவைத்த கட்டளையை மேலாளரிடம் ஒப்படைப்பதுமாகிய இரண்டு வேலைகளையே முதன்மையாகச் செய்தது. நேரம் காட்டவோ, அஞ்சல் வந்ததை அறிவிக்கவோ, கணினியின் சுமையை அளக்கவோ அதற்குத் தெரியாது. ஆனால் இவையெல்லாம் தெரிந்த வேறு நிரல்களின் சாளரங்களைப் பிடித்துத் தன் பொத்தான்களுக்குள் குடிவைக்க அதற்குத் தெரிந்திருந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பயனர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் பலகைகள் எத்தனையோ வந்துள்ளன என்றாலும், இந்த ஒரு திறமையை நடுவில் வைத்து அமைந்ததனால் குட்ஸ்டஃப் அவற்றுள் தனித்து நிற்கிறது என்பதும், பின்வந்த பலகைகள் அழகிலும் வசதியிலும் வளர்ந்தபோது இந்தத் திறமையைத்தான் விலையாகக் கொடுத்தன என்பதும் இங்கே எடுத்துரைக்கப்படும் கருத்து.

அந்தக் காலத்துத் திரை எப்படி இருந்தது என்பதைச் சற்று விளக்கினால்தான் இது புலப்படும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-இல் ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் சாளர முறைமை, 1987 செப்டம்பரில் தன் பதினோராம் பதிப்பை எட்டி, ஏறத்தாழ எல்லா யூனிக்ஸ் பணிநிலையங்களுக்கும் பொதுவான வரைகலை அடித்தளமாயிற்று. கருவிகளைத் தருவதே தங்கள் வேலை, அவற்றைப் பயன்படுத்தும் முறையை வகுப்பது பிறர் வேலை என்பது அதை ஆக்கியவர்கள் உறுதியாகப் பின்பற்றிய கொள்கை. ஆகவே எக்ஸ் சேவையகம், அதாவது திரையையும் விசைப்பலகையையும் மவுஸையும் நேரடியாக ஆளும் நிரல், சாளரங்களை வெறும் செவ்வகங்களாக மட்டுமே அறியும். அவற்றுக்குத் தலைப்புப் பட்டை வேண்டுமா, அவற்றை எப்படி நகர்த்துவது, எது மேலே எது கீழே என்பவற்றையெல்லாம் சாளர மேலாளர் எனப்படும் மற்றொரு நிரல் முடிவு செய்யும். அந்த மேலாளரும் மற்ற நிரல்களைப் போலவே சேவையகத்தின் ஒரு வாடிக்கையாளர்தான் என்பதால், பிடிக்காதவர்கள் அதை நிறுத்திவிட்டு வேறொன்றை இயக்கிக்கொள்ள முடிந்தது.

டாம் லாஸ்ட்ரேஞ்ச் 1987-இல் எழுதிய டிடபிள்யூஎம், எக்ஸ் தொகுப்புடனேயே வந்ததனால் பெரும்பாலோர் முதலில் சந்தித்த மேலாளராக இருந்தது. அதில் பலகை என்று எதுவும் கிடையாது. ஒரு நிரலைத் தொடங்க வேண்டுமானால் முனையச் சாளரத்தில் அதன் பெயரைத் தட்டச்சிட வேண்டும், அல்லது திரையின் வெற்றிடத்தில் மவுஸை அழுத்தி அங்கே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சாளரங்கள் பெருகித் திரையை மூடிவிட்டால் அழுத்துவதற்கு வெற்றிடமே இல்லாமற்போகும் என்பது இந்த இரண்டாவது வழியின் குறை. எப்போதும் கண்ணெதிரே இருக்கும் ஒரு பலகைக்கான தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது. 1989-இல் வெளியான நெக்ஸ்ட்ஸ்டெப் முறைமை தன் திரையின் வலது ஓரத்தில் டாக் என்ற படவுரு வரிசையை வைத்து, அப்படியொரு ஏற்பாடு எவ்வளவு அழகாக அமைய முடியும் என்பதைக் காட்டிவிட்டிருந்தது; ஆனால் அது விலையுயர்ந்த ஒரு கணினியோடு பிணைந்திருந்தது, எக்ஸ் உலகைச் சேர்ந்ததுமன்று.

ராபர்ட் நேஷன் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஒலி அடையாளங்களைப் பகுத்தாயும் பணியில் இருந்தவர். ஆர்எக்ஸ்விடி என்ற எடை குறைந்த முனைய நிரலால் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தவர். டிடபிள்யூஎம் உண்ணும் நினைவகத்தைக் குறைப்பதும், திரையின் பரப்பைவிடப் பெரிய மெய்நிகர் மேசைத்தளங்களை அதில் சேர்ப்பதும் அவர் மேற்கொண்ட வேலைகள். அவற்றிலிருந்து எழுந்ததே எஃப்விடபிள்யூஎம். லினக்ஸ் அப்போது 4 அல்லது 8 மெகாபைட் நினைவகம் கொண்ட வீட்டுக் கணினிகளில் பரவத் தொடங்கியிருந்தது என்பதை நினைத்தால், இந்தச் சிக்கனம் எத்தனை பேருக்குக் கைகொடுத்திருக்கும் என்று உணரலாம்.

நினைவகத்தைக் குறைக்க அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று, எல்லோருக்கும் தேவைப்படாத வசதிகளை மேலாளருக்குள் வைக்காமல் துணைநிரல்களாகப் பிரித்துவிடுவது. மேலாளர் ஒரு துணைநிரலைத் தொடங்கும்போது அதனோடு இரண்டு குழாய்களை இணைத்துக்கொள்ளும். குழாய் என்பது ஒரு நிரல் எழுதுவதை மற்றொரு நிரல் படிக்கும்படி யூனிக்ஸ் தரும் ஒருவழித் தொடர்பு. புதிய சாளரம் தோன்றிவிட்டது, இன்ன சாளரம் நகர்ந்தது, அதன் பெயர் இது என்ற செய்திகள் ஒரு குழாயில் வரும். மறுகுழாயில் துணைநிரல் தன் கட்டளைகளை மேலாளருக்கு அனுப்பும். குட்ஸ்டஃப் அப்படியொரு துணைநிரல். அதில் பிழை நேர்ந்து அது வீழ்ந்துவிட்டாலும் மேலாளரோ பிற சாளரங்களோ வீழ்வதில்லை. பலகையே வேண்டாம் என்பவர்கள் அதற்காக ஒரு பைட் நினைவகத்தையும் செலவிட வேண்டியதில்லை.

பயனரின் வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்டதால் வழக்கமான கோப்புப் பட்டியலில் தென்படாத ஓர் உரைக் கோப்பில்தான் அதன் அமைப்பு முழுவதும் எழுதப்பட்டது. மேலாளரின் சொந்த விருப்பங்களும் அதே கோப்பில் இருக்கும். ஆனால் நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரிகளை மேலாளர் தனக்குரியவையல்ல என்று விட்டுவிடும், அவற்றின் பொருளை அந்தந்தத் துணைநிரலே அறிந்துகொள்ளும். பொத்தான்கள் எத்தனை வரிசையில் அமைய வேண்டும், முன்புற நிறமும் பின்புற நிறமும் எவை, எழுத்துரு எது, திரையின் எந்த மூலையில் பலகை உட்கார வேண்டும் என்பவற்றுக்கு ஆளுக்கொரு வரி. அதன்பின் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வரி: நட்சத்திரமும் குட்ஸ்டஃப் என்ற பெயரும், அடுத்துப் பொத்தானின் அடியில் தோன்ற வேண்டிய சொல், அடுத்துப் படவுருக் கோப்பின் பெயர், இறுதியில் கட்டளை. சாளரத்தை வலுக்கட்டாயமாக மூடும் பொத்தானுக்கு ‘கில்’ என்ற சொல்லும் வெடிகுண்டுப் படமும் ‘டெஸ்ட்ராய்’ என்ற கட்டளையும் கையேட்டிலேயே எடுத்துக்காட்டாகத் தரப்பட்டிருந்தன. ஒரு வரியை எழுதினால் ஒரு பொத்தான், அந்த வரியை அழித்தால் பொத்தான் இல்லை. நிரலாக்கம் அறியாத ஒருவரும் இதை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ள முடியும்.

ஒரே பலகை போதாதென்று கருதுவோருக்குக் கையேடு சொன்ன வழி, யூனிக்ஸின் மரபைக் கைவிடாமல் எவ்வளவு எளிமையாகச் சிந்திக்கலாம் என்பதற்குச் சான்று. குட்ஸ்டஃப் நிரல் கோப்புக்கு மோர்குட்ஸ்டஃப் என்று இன்னொரு பெயரில் இணைப்பு ஒன்றை, அதாவது அதே கோப்பைச் சுட்டும் மறுபெயரை, உருவாக்கிக்கொண்டால் போதும். எந்தப் பெயரால் அழைக்கப்பட்டதோ அந்தப் பெயருக்குரிய வரிகளையே நிரல் படிக்கும் என்பதனால், முற்றிலும் வேறான பொத்தான்களோடு இரண்டாவது பலகை தோன்றிவிடும். இதற்கென்று நிரலில் தனியாக எந்த வசதியும் எழுதப்படவில்லை.

பொத்தான் அழுத்தப்பட்ட பிறகு நடப்பதும் நுணுகிப் பார்க்கத் தக்கது. அக்காலக் கணினிகளில் ஒரு நிரல் வட்டிலிருந்து ஏறித் திரையில் தோன்றப் பல நொடிகள் ஆகும். அதற்குள் அழுத்தியது பதிவாயிற்றா என்ற ஐயத்தில் பயனர் மீண்டும் மீண்டும் அழுத்திவிட, பின்னர் ஒரே நிரல் நான்கு சாளரங்களாக வந்து நிற்கும். குட்ஸ்டஃப்பில் நிரலைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் மேற்கோள்குறிகளுக்குள் ஒரு பெயரை எழுதலாம். அழுத்திய பொத்தான், அந்தப் பெயரையோ வகையையோ உடைய சாளரம் ஒன்று திரையில் தோன்றும்வரை உள்ளமுங்கியே இருந்து, அது தோன்றியதும் மேலெழும். சாளரங்களின் பிறப்பை மேலாளரிடமிருந்து குழாய்வழியே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு இதனால் கூடுதல் வேலை அதிகமில்லை. மேற்கோள்குறிகளுக்குள் ஒன்றும் எழுதாவிட்டால் பொத்தான் உடனே எழுந்துவிடும். அமுங்கிய நிலையிலும் அதை மறுபடி அழுத்த முடியும் என்பதையும் கவனிக்க வேண்டும்: நிரல் பயனருக்கு நிலைமையைத் தெரிவிக்கிறது, ஆனால் அவரைத் தடுப்பதில்லை. காத்திருக்கச் சொல்லிச் சுழலும் பிற்காலக் குறியீடுகளைவிட இந்த அமுங்கிய பொத்தான் நேர்மையானது என்று துணிந்து கூறலாம், ஏனெனில் அது காட்டுவது கற்பனையான ஒரு முன்னேற்றத்தையன்று, எதிர்பார்த்த சாளரம் இன்னும் வரவில்லை என்ற மெய்யான செய்தியை.

எல்லாவற்றிலும் வளமான பகுதி ஸ்வாலோ, அதாவது ‘விழுங்கு’, என்ற கட்டளை. ஒரு பொத்தானின் வரியில் இந்தக் கட்டளையையும், ஒரு சாளரத்தின் பெயரையும், அந்தச் சாளரத்தைத் தோற்றுவிக்கும் நிரலையும் எழுதினால், பலகை அந்த நிரலைத் தொடங்கி, குறித்த பெயருடைய சாளரம் தோன்றும்வரை காத்திருந்து, அதைப் பிடித்து, பொத்தானின் அளவுக்குச் சுருக்கி, உள்ளே பொருத்திக்கொள்ளும். எக்ஸ் தொகுப்போடு வந்த எக்ஸ்கிளாக் என்ற கடிகாரம், புதிய அஞ்சல் வந்ததும் கொடியை உயர்த்தும் தபால் பெட்டிப் படமான எக்ஸ்பிஃப், கணினியின் சுமையை நகரும் வரைபடமாகக் காட்டும் எக்ஸ்லோடு ஆகியவை இப்படிப் பலகைக்குள் வந்து சேர்ந்த வழக்கமான குடியிருப்பாளர்கள். இவற்றுள் எதுவும் குட்ஸ்டஃப்புக்காக எழுதப்பட்டதன்று. எக்ஸ்கிளாக் நிரலுக்குத் தான் ஒரு பொத்தானுக்குள் இருப்பதே தெரியாது. தன் சாளரத்தின் அளவு மாறிவிட்டதென்று சேவையகம் சொன்னதும், அந்தப் புதிய அளவில் முட்களை வரைகிறது, அவ்வளவே.

இது எப்படி இயல்கிறது என்பதற்கு எக்ஸின் உள்ளமைப்பே விடை. எக்ஸில் சாளரங்கள் ஒரு மரமாக அமைந்தவை: திரை முழுவதையும் நிறைக்கும் வேர்ச் சாளரம், அதன் பிள்ளைகளாகப் பயன்பாடுகளின் சாளரங்கள், அவற்றின் பிள்ளைகளாக உள்ளே உள்ள கட்டங்கள். ஒரு சாளரத்தை அதன் பெற்றோரிடமிருந்து எடுத்து வேறொரு சாளரத்தின் கீழ் வைக்கும்படி எந்த வாடிக்கையாளர் நிரலும், அந்தச் சாளரம் வேறொரு நிரலுக்குச் சொந்தமானதாயினும், சேவையகத்தைக் கேட்கலாம். சாளர மேலாளர் தலைப்புப் பட்டையையும் சட்டத்தையும் மாட்டுவது இந்த வழியில்தான். மேலாளருக்காக வைத்த கதவு எல்லோருக்கும் திறந்தே இருந்ததனால், பலகையும் அதன் வழியே நுழைந்துகொண்டது.

கையேட்டில் இதற்குக் கொடுத்திருந்த எடுத்துக்காட்டு வரியில், கடிகார நிரலுக்கு இடம் குறிக்கும் பகுதியில் மைனஸ் 1500, மைனஸ் 1500 என்ற எண்கள் காணப்படும். எக்ஸ் நிரல்கள் அனைத்துக்கும் பொதுவான இடக்குறிப்பு முறையில் மைனஸ் குறி, வலது விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் அளக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். 1024 படப்புள்ளி அகலமுள்ள திரையில், வலது விளிம்பிலிருந்து 1500 படப்புள்ளிகள் தள்ளி என்றால் அந்த இடம் திரைக்கு வெளியே இடப்பக்கத்தில் விழுகிறது. கடிகாரம் முதலில் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளியில் பிறந்து, அங்கேயே பிடிபட்டு, பின்னர் பலகைக்குள் தோன்றும். இல்லையெனில் அது திரையின் நடுவே ஒரு கணம் தோன்றி மறைவது கண்ணை உறுத்தும். கடிகார நிரலையும் திருத்தாமல், பலகையையும் திருத்தாமல், இரண்டுக்கும் பொதுவான ஓர் எண்ணைக் கொண்டு தீர்த்த இந்தச் சிறு தந்திரம், அக்காலத்துப் பயனர்கள் தங்கள் திரையை எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

மேலாளரின் மற்றத் துணைநிரல்களையும் இப்படியே உள்ளே எடுத்துக்கொள்ள முடிந்தது. மெய்நிகர் மேசைத்தளங்களின் சிறு வரைபடமாகிய பேஜர், தன்னிடத்தில் தனிச் சாளரமாகவும் நிற்கும், பலகைக்குள் ஒரு கட்டமாகவும் நிற்கும். கடிகாரமும் தபால் பெட்டியும் பேஜரும் நான்கைந்து பொத்தான்களும் ஒரே சட்டத்துக்குள் ஒருங்கே அமைந்துவிட்டால், பார்ப்பவர்கள் அதை ஒரே நிரல் என்றே எண்ணுவார்கள். உள்ளே அரை டஜன் நிரல்கள் தனித்தனியாக இயங்கிக்கொண்டிருக்கும். சிறிய நிரல்களைக் குழாய்களால் கோத்துப் பெரிய வேலையைச் செய்துகொள்ளும் யூனிக்ஸ் வழக்கம் கட்டளை வரியில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. அது திரைக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் செய்துகாட்டியது இந்தப் பலகை.

குறைகள் இல்லாமலில்லை. சாளரங்களைப் பெயரைக் கொண்டு அடையாளம் கண்டதனால், அதே பெயருடைய வேறொரு சாளரம் முந்திக்கொண்டால் பலகை அதை விழுங்கிவிடும். பெயரை மாற்றித் தரும் தெரிவை நிரலோடு சேர்த்து எழுதிப் பயனரே இதைத் தவிர்க்க வேண்டியிருந்தது. படவுருக்களும் எளிதில் அடங்கவில்லை. பிரான்சின் புல் ஆய்வு மையத்தில் 1989-இல் உருவான எக்ஸ்பிஎம் என்னும் பட வடிவம், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எழுத்துகளாகவே பதிவுசெய்ததனால் சாதாரண உரைத் திருத்தியிலேயே ஒரு படவுருவை வரைந்துவிட முடியும் என்பது அதன் பெரும் சிறப்பு. ஆனால் அந்நாளைய திரைகளிற் பல ஒரே நேரத்தில் 256 நிறங்களையே காட்ட வல்லவை, அந்த நிறங்களையும் எல்லா நிரல்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வண்ண வண்ணமாகப் பலகையை அலங்கரித்தவர், பின்னால் தொடங்கும் உலாவிக்கு நிறம் மிஞ்சாமல் செய்துவிடுவது இயல்பாக நேர்ந்தது. அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும், சரியான வரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர் பயனரே.

எஃப்விடபிள்யூஎம்மின் பராமரிப்பை 1994-இல் நேஷன் சார்லஸ் ஹைன்ஸிடம் ஒப்படைத்தார். இரண்டாம் பதிப்பில் கோப்பின் இலக்கணமே மாற, குட்ஸ்டஃப்பும் எஃப்விடபிள்யூஎம்பட்டன்ஸ் என்ற பெயரைப் பெற்றது. அதில் பல திருத்தங்களை 1996-இல் செய்தவர் யார்ல் டோட்லண்ட். ஒரு பொத்தான் பல கட்டங்களின் அகலத்தை எடுத்துக்கொள்வதும், மவுஸின் ஒவ்வொரு பொத்தானுக்கும் வேறுவேறு கட்டளை இருப்பதும், விழுங்கப்பட்ட நிரல் இறந்துவிட்டால் அதை மீண்டும் உயிர்ப்பிப்பதும், பலகைக்குள்ளிருந்து இன்னொரு பலகை வழுக்கிக்கொண்டு வெளியே வருவதும் காலப்போக்கில் அதில் சேர்ந்தன.

இதன் வழித்தோன்றல்களில் நெக்ஸ்ட்ஸ்டெப்பின் தோற்றத்தை எக்ஸுக்குக் கொண்டுவந்த ஆஃப்டர்ஸ்டெப் என்ற சாளர மேலாளரின் வார்ஃப் என்னும் பலகை முதன்மையானது. அதை எழுதிய போ யாங் குட்ஸ்டஃப்பின் நிரல்வரிகளை எடுத்து, டாக்கின் சதுர ஓடுகளை அதன்மேல் அமைத்தார். நெக்ஸ்ட்டின் அழகும் நேஷனின் விழுங்கும் வித்தையும் ஒன்றுசேர்ந்ததனால், அந்தச் சதுரத்துக்குள் அடங்கும்படியாகவே எழுதப்பட்ட சின்னஞ்சிறு நிரல்களின் வகையொன்று அதைச் சுற்றியும், பின்னர் விண்டோமேக்கர் என்ற மற்றொரு சாளர மேலாளரைச் சுற்றியும் தழைத்தது.

வேறொரு வழியில் நடந்தது சிடிஇ எனப்படும் பொது மேசைத்தளச் சூழல். எச்பி, ஐபிஎம், சன் முதலிய நிறுவனங்கள் தங்கள் யூனிக்ஸ் திரைகளை ஒன்றுபடுத்த 1993-இல் அறிவித்த முயற்சியின் பயன் அது. அதன் முகப்புப் பலகை எச்பியின் வியூ என்ற சூழலிலிருந்து வந்தது: நடுவே பணிவெளிகளை மாற்றும் பொத்தான்கள், இருபுறமும் கடிகாரம், நாட்காட்டி, கோப்பு மேலாளர், அஞ்சல், அச்சுப்பொறி, குப்பைத்தொட்டி முதலியன, அவற்றின் மேலே உள்ள அம்புக்குறியை அழுத்தினால் இழுப்பறை போல எழும் துணைப்பலகைகள். ஒரு படவுருவை இழுத்துவந்து துணைப்பலகையின் தலைப்பகுதியில் போட்டால் அது அங்கே பதிந்துவிடும். கோப்பு எதையும் தொட வேண்டியதில்லை. இந்தக் கனிவு குட்ஸ்டஃப்பிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆயினும் முதன்மைப் பலகையையே மாற்ற விரும்பியவர், அமைப்பின் வரையறையைத் தம் வீட்டுக் கோப்புறைக்குப் படியெடுத்து, அதில் கட்டுப்பாட்டின் வகை, படவுரு, அழுத்தும்போதைய செயல், எதையேனும் மேலே போடும்போதைய செயல் என்று பல வரிகளைத் திருத்த வேண்டியிருந்தது. வேறொரு நிரலின் சாளரத்தைப் பலகைக்குள் இயக்கும் வகையும் அந்த வரையறைகளுள் இருந்தது; எனினும் இழுத்துப் போட்டுப் பழகிய பயனரின் கண்ணில் அது படுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. மேலும் சிடிஇ விலைகொடுத்து வாங்க வேண்டிய பொருளாகவே நெடுங்காலம் நீடித்து, 2012-இல்தான் கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. அந்த முகப்புப் பலகையின் சாயலில் ஒன்றை லினக்ஸுக்குச் செய்ய 1996-இன் இறுதியில் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய முயற்சியே இன்று எக்ஸ்எஃப்சிஇ என்ற முழுச் சூழலாக வளர்ந்து நிற்கிறது.

கேடிஇ, க்னோம் ஆகிய முழு மேசைத்தளச் சூழல்கள் முறையே 1996-இலும் 1997-இலும் தொடங்கப்பட்ட பிறகு பலகையின் இயல்பு மாறிற்று. க்னோமின் பலகையில் ஒரு கடிகாரம் இருக்க வேண்டுமானால், அந்தக் கடிகாரம் அந்தப் பலகைக்காகவே, அதன் நூலகங்களையும் செய்தித்தொடர்பு முறையையும் பின்பற்றி எழுதப்பட்ட குறுநிரலாக இருப்பதே வழக்கமாயிற்று. இதனால் நிறமும் எழுத்துருவும் ஒத்திசைந்தன, அமைப்புகளைச் சொடுக்கி மாற்ற முடிந்தது, புதியவர்களுக்கு அச்சம் நீங்கியது. இவை சிறிய நன்மைகளல்ல. ஆனால் ஒரு பலகைக்கு எழுதிய குறுநிரல் மற்றொன்றில் ஓடாது, பலகையின் அடுத்த பெரும் பதிப்பில்கூட ஓடுமென்பதற்கு உறுதியில்லை. க்னோம் மூன்றாம் பதிப்பு 2011-இல் வந்தபோது பழைய பலகைக்காக எழுதப்பட்ட குறுநிரல்கள் அதில் இடம்பெற முடியாமற்போனது இதற்கு வெளிப்படையான சான்று. 1980-களில் எழுதப்பட்ட எக்ஸ்லோடு மட்டும், எந்தப் பலகைக்கும் கடமைப்படாததனால், எந்தப் பலகையின் மறைவாலும் பாதிக்கப்படவில்லை.

எக்ஸுக்கு மாற்றாகக் கிறிஸ்தியான் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலண்ட் முறைமையில் ஒரு வாடிக்கையாளர் மற்றொரு வாடிக்கையாளரின் சாளரத்தைக் காணவே இயலாது; எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இதற்குத் தக்க காரணமுண்டு: எக்ஸில் எந்த நிரலும் பிற நிரலின் சாளரத்தைத் தொட முடிந்ததைப் போலவே, அதில் தட்டச்சிடும் கடவுச்சொல்லையும் ஒட்டுக்கேட்க முடிந்தது. குட்ஸ்டஃப் நுழைந்த அதே கதவு வழியே கெட்ட நோக்கமுள்ள நிரலும் நுழையலாம் என்ற நிலையில், கதவை அடைத்தது சரியே. பயனர் தாமே ஒப்புதல் அளித்த நிரல்களை மட்டும் ஒரு பலகைக்குள் குடிவைக்கும் முறையான வழியொன்றை அதனுடன் சேர்த்து வகுக்காமல் விட்டதுதான் இழப்பு. அப்படியொரு வழி கொள்கையளவில் இயலாததன்று, ஏனெனில் இரு தரப்பும் இசைந்து ஒரு சாளரத்தை மற்றொன்றினுள் பொருத்துவதற்கு எக்ஸெம்பெட் என்ற நெறிமுறை எக்ஸ் உலகில் வகுக்கப்பட்டு, அறிவிப்புத் தட்டின் சிறு படவுருக்கள் பல ஆண்டுகள் அதன்மேல் இயங்கின. எஃப்விடபிள்யூஎம்மின் மூன்றாம் பதிப்பு 2020-இல் வெளிவந்தது. எக்ஸின் மீதே இயங்கும் அதில் எஃப்விடபிள்யூஎம்பட்டன்ஸ் இன்றும் இடம்பெற்றிருக்கிறது, ஸ்வாலோ கட்டளையும் அதில் உள்ளது.